புல் அறுப்பும் தரையில் கூடு கட்டும் பறவைகளும்: பாகூர், கடலூர்ப் பகுதி விவசாயிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சித்திரை மாதத்தில் ஒரு நாள் காலை, பாகூருக்கும் தென்பெண்ணையாற்றுக்கும் இடையில் இருக்கும் எங்கள் கொல்லையில், தோளில் மாட்டிப் புல் வெட்டும் இயந்திரத்தின் சத்தம் பாதியில் நின்றது. ஓடிப் போய்ப் பார்த்தேன். கொழுக்கட்டைப் புல்லின் ஒரு தூருக்கு அடியில், ஆழமில்லாத பள்ளத்தில் காய்ந்த சருகின் மேல் இருந்த ஏழு முட்டைகளில் நான்கு உடைந்து கிடந்தன. அவற்றுள் ஒன்றில் குஞ்சு முழு உருவம் பெற்று, ஈரச் சிறகோடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. தாய்க் கவுதாரி வரப்பின் மேல் நின்று, கத்தாமல், எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு மூன்று நாள் பொறுத்திருந்தால் அந்த ஏழும் தாயின் பின்னால் நடந்தே வெளியேறியிருக்கும். அறுப்பை அத்தனை நாள் தள்ளிப் போடுவதால் எனக்கு எந்த நட்டமும் வந்திருக்காது.

அன்று தொடங்கி நான் கடைப்பிடித்து வரும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். மாட்டுக்குத் தீவனம் வேண்டும் என்பதில் எந்த விவாதமும் இல்லை. ஆனால் எந்த நாளில் அறுக்கிறோம், எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறோம், ஓர் அறுப்புக்கும் அடுத்த அறுப்புக்கும் இடையில் எத்தனை நாள் விடுகிறோம் என்ற மூன்றையும் மாற்றிக்கொண்டால், தீவனத்தில் மிகச் சிறிய பகுதியை மட்டும் விட்டுக்கொடுத்துப் பெரும்பாலான கூடுகளைக் காப்பாற்றிவிடலாம்.

பறவை என்றதும் நம் பகுதியில் எல்லோரும் ஊசுடு ஏரியைத்தான் சொல்வார்கள். புதுவை அரசு 2008-இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஆனால் கவுதாரிக்கும் வானம்பாடிக்கும் ஆள்காட்டிக்கும் சரணாலயம் என்று தனியாக ஏதும் இல்லை. அவை நம் பட்டா நிலத்திலும் தரிசிலும் ஏரிக்கரைப் புறம்போக்கிலும்தான் முட்டையிடுகின்றன. கவுதாரியின் அறிவியல் பெயரிலேயே நம் ஊர் இருக்கிறது என்பது பலருக்கும் தெரியாது. பிரெஞ்சுப் பயணி பியர் சொன்னெரா 1782-இல் வெளியிட்ட நூலில் இதைப் புதுச்சேரிக் கவுதாரி என்று விவரித்தார். அதைக் கொண்டு 1789-இல் கிமெலின் என்ற ஜெர்மானிய அறிஞர் இதற்கு ‘பாண்டிசெரியானஸ்’ என்று பெயர் சூட்டினார்.

முதல் படி: நிலத்தைப் பிரித்துப் பார்த்தல்

ஒரு தாளில் உங்கள் நிலத்தைக் கோடு போட்டு வரைந்துகொள்ளுங்கள். தண்ணீர் பாய்ச்சும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் எங்கே, மானாவாரிக் கொழுக்கட்டைப் புல்லும் அருகும் எங்கே, ஏரி வற்றியதும் புல் முளைக்கும் இடம் எங்கே, வரப்பும் வாய்க்கால் கரையும் எங்கே என்று தனித்தனியாகக் குறியுங்கள். ஒவ்வொன்றிலும் தங்கும் பறவை வேறு. அடர்ந்து உயர்ந்த ஒட்டுப்புல்லில் கதிர்க்குருவிகள் தரையிலிருந்து சற்று மேலே இலைகளைத் தைத்தும் பின்னியும் கூடு வைக்கும். முழங்கால் உயரத்துக்குக் குறைவான மானாவாரிப் புல்லில் கவுதாரியும் காடையும் நெட்டைக்காலியும் தூரின் அடியில் ஒளிந்து முட்டையிடும். புல் குட்டையாகவும் இடையிடையே மண் தெரியும்படியும் இருக்கும் இடத்தில் ஆள்காட்டியும் சாம்பல் தலை வானம்பாடியும் திறந்த வெளியிலேயே முட்டை வைத்துவிடும். வாய்க்கால் கரைப் புதரில் கானாங்கோழி இருக்கும்.

உலர்புல் செய்வதற்கு ஒட்டுப்புல் அவ்வளவாக ஏற்றதல்ல. அதன் தண்டு பருமனாக இருப்பதால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நின்றுவிடும். கொழுக்கட்டைப் புல்லும் அருகும் மெல்லிய தண்டுள்ள காட்டுப் புற்களுமே நன்றாக உலரும். அதாவது, நாம் உலர்புல்லுக்காக அறுக்கும் இடமும் தரையில் கூடு கட்டும் பறவைகள் விரும்பும் இடமும் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால்தான் இதில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

இரண்டாம் படி: நாட்களை எண்ணுதல்

எந்தப் பறவைக்கு எத்தனை நாள் வேண்டும் என்று தெரிந்தால் மட்டுமே அறுப்பைத் திட்டமிட முடியும். கவுதாரி ஆறு முதல் எட்டு முட்டை வரை இட்டு, 18 அல்லது 19 நாள் அடைகாக்கும். பொரித்த குஞ்சு சிறிது நேரத்திலேயே நடக்கத் தொடங்கிவிடும். குறுங்காடைக்கு அடைகாப்பு ஏறத்தாழ 12 நாள்தான். அதில் அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் சேவலின் வேலை. ஆள்காட்டி மூன்று அல்லது நான்கு முட்டையிட்டு, நான்கு வாரம் அடைகாக்கும். அதன் குஞ்சும் பொரித்ததும் ஓடக்கூடியது. மயிலுக்கும் நான்கு வாரம் ஆகும்.

வானம்பாடி, நெட்டைக்காலி, கதிர்க்குருவி ஆகியவற்றின் கதை வேறு. அவற்றின் குஞ்சு கண் திறக்காமல், இறகில்லாமல் பிறக்கிறது. கூடு கட்ட ஐந்தாறு நாள், முட்டையிட மூன்று நான்கு நாள், அடைகாக்க இரண்டு வாரம், குஞ்சு கூட்டை விட்டு இறங்க மேலும் இரண்டு வாரம் என்று வைத்துக்கொண்டால் ஐந்து வாரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. கூட்டை விட்டு இறங்கிய பிறகும் அந்தக் குஞ்சு சில நாட்கள் புல்லுக்குள் பதுங்கித்தான் இருக்கும். ஆபத்து வந்தால் பறக்காது, அப்படியே அசையாமல் உட்கார்ந்துவிடும்.

இப்போது நம் அறுப்பு முறையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கோ-5 என்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் ரகத்தை முதல் முறை 75 முதல் 80 நாளிலும், அதன்பின் 45 நாளுக்கு ஒரு முறையும் அறுக்கச் சொல்லுகிறார்கள். அறுத்த பின் புல் மறைப்புத் தரும் உயரத்துக்கு வளர இரண்டு வாரம் ஆகும். அப்போதுதான் கதிர்க்குருவி அங்கே குடியேறும். மீதமிருப்பது 30 நாள். அதற்குத் தேவைப்படுவதோ 40 நாள். புல் செழித்து நிற்பதைப் பார்த்து நம்பி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் குஞ்சு இறங்கும் தறுவாயில் கூட்டை இழக்கும். அந்த வயல் அதற்கு உணவும் மறைவும் தரும் இடமாகத் தெரிகிறது, ஆனால் ஒரு குஞ்சுகூட அங்கிருந்து வெளியேறுவதில்லை. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் பாபோலிங்க் என்ற புல்வெளிப் பறவைக்காக, முதல் அறுப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த அறுப்புக்கு 65 நாள் இடைவெளி விடும்படி விவசாயிகளுக்குச் சொல்கிறார்கள். கண்டம் வேறு, பறவை வேறு என்றாலும் கணக்கு நமக்கும் பொருந்துகிறது.

மூன்றாம் படி: ஆண்டுக்கான அறுப்புக் காலத்தை முடிவு செய்தல்

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையின்போது உலர்புல் செய்ய முடியாது. அந்த மழையில் வளர்ந்த மானாவாரிப் புல் மார்கழிக் கடைசியில் பூத்து, தை மாதத்தில் அறுப்புக்குத் தயாராக நிற்கும். பூக்கும் தருணத்தில் அறுத்தால்தான் சத்தும் விளைச்சலும் ஒருசேரக் கிடைக்கும். விதை முற்றிய பிறகு தண்டு நார் பாய்ந்து, மாடு மீதம் வைக்கும். தை மாதத்தில் வானம் தெளிந்து காற்றும் வறண்டிருக்கும். தரையில் கூடு கட்டும் பெரும்பாலான பறவைகள் இன்னும் முட்டையிடத் தொடங்கியிருக்காது. ஆகவே நம் பகுதியில் பெரிய அறுப்பைத் தை மாதத்துக்குள், தாமதமானாலும் மாசி முதல் வாரத்துக்குள் முடித்துவிடுவதே மிகச் சிறந்தது. இந்த ஒன்றைச் சரியாகச் செய்தாலே பாதி வேலை முடிந்துவிட்டதாகக் கொள்ளலாம். கூலியாள் கிடைக்கவில்லை, இயந்திரம் கிடைக்கவில்லை என்று பங்குனி வரை இழுப்பதால்தான் பெரும்பாலான கூடுகள் அழிகின்றன.

மாசிக் கடைசியிலிருந்து ஆடி வரை முக்கியமான கூடு காலம். ஆள்காட்டி பங்குனி, சித்திரையில் மும்முரமாக இருக்கும். கவுதாரிக்குச் சித்திரை முதல் ஆவணி வரை. இந்தக் காலத்தில் மானாவாரிப் புல்லைத் தொடாமல் விட்டுவிடுங்கள். தண்ணீர் இல்லாததால் அது எப்படியும் பெரிதாக வளராது. அன்றாடப் பசுந்தீவனத்தை ஒட்டுப்புல் பாத்தியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மானாவாரியில் இரண்டாவது அறுப்பை ஆடிக் கடைசியில் தொடங்கினால் போதும்.

ஒட்டுப்புல் பாத்தியை நான்கு பங்காகப் பிரித்து, கூடு காலத்தில் மட்டும் ஒரு பங்கை 45 நாளுக்குப் பதிலாக 65 நாள் விட்டு அறுங்கள். அந்தப் பங்கின் தீவனம் சற்று முற்றியிருக்கும். துண்டு துண்டாக நறுக்கிப் போட்டால் மாடு தின்றுவிடும்.

நான்காம் படி: அறுப்புக்கு முந்தைய மாலை

எந்தக் காலத்தில் அறுத்தாலும், முதல் நாள் மாலை நான்கரை மணிக்கு மேல் வரப்பில் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். கைப்பேசியைப் பார்க்காமல் புல்லைப் பாருங்கள். வாயில் புழுவோ வெட்டுக்கிளியோ வைத்துக்கொண்டு ஒரு பறவை ஒரே இடத்தில் இரண்டு முறை இறங்கினால் அங்கே குஞ்சு இருக்கிறது. வாயில் புல் துரும்போடு இறங்கினால் கூடு கட்டிக்கொண்டிருக்கிறது. வானம்பாடி கூட்டின் மேல் நேராக இறங்காது. சற்றுத் தள்ளி இறங்கி ஓடியே போகும். ஆகவே அது இறங்கிய இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளாமல், அது மறுபடியும் எழும்பும் இடத்தையும் பாருங்கள். ஆள்காட்டி தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தினால் கூடு அருகில் இருக்கிறது என்று பொருள். நீங்கள் விலகி உட்கார்ந்தால் சற்று நேரத்தில் அது மெல்ல நடந்து வந்து முட்டையின் மேல் அமரும். ஆள்காட்டி என்று நாம் பெயர் வைத்த பறவை, பொறுமையாக இருந்தால் தன் கூட்டையும் காட்டிவிடும்.

நிலம் பெரிதாக இருந்தால் இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, மெல்லிய நீளக் கயிற்றைப் புல்லின் நுனியைத் தொடும்படி இழுத்துக்கொண்டு மெதுவாக நடக்கலாம். உட்கார்ந்திருக்கும் பறவை கயிறு வரும்போது எழும்பும். எழும்பிய இடத்தை மூன்றாமவர் குறித்துக்கொள்ள வேண்டும். கயிறு தரையில் உராயக் கூடாது. உச்சி வெயிலில் இதைச் செய்யவே கூடாது. சித்திரை வெயிலில் தாய் எழுந்து போன முட்டை சில நிமிடங்களிலேயே அளவுக்கு மீறிச் சூடாகிவிடும். ஆள்காட்டி தண்ணீரில் வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிரவைப்பது இதனால்தான். கூட்டைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அங்கேயே நின்று படம் எடுப்பவர்களை நான் எப்போதும் தடுத்துவிடுவேன்.

ஐந்தாம் படி: அடையாளம் வைத்தல்

கூட்டின் பக்கத்திலேயே கொடி நட்டால், காகமும் கீரியும் நாயும் அதை நமக்கு முன்னால் கண்டுபிடித்துவிடும். எங்கள் கொல்லையில் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறோம்: கூடு எப்போதும் கொம்புக்குக் கிழக்கே பதினைந்து அடியில் இருக்கும். சவுக்குக் கொம்பு ஒன்றை நட்டு, அதன் நுனியில் ஒரு துண்டு வைக்கோலைக் கட்டுகிறோம், அவ்வளவுதான். அறுக்க வருகிற எவருக்கும் இதை ஒரு முறை சொன்னால் போதும். கூட்டுக்குப் போன வழியிலேயே திரும்பாமல், கூட்டைத் தாண்டி நடந்து வேறு வழியாக வெளியேறுங்கள். கூட்டில் முடியும் ஒற்றையடித் தடம் கீரிக்கு வழிகாட்டிவிடும்.

கூட்டைச் சுற்றிக் குறைந்தது பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி புல்லை அறுக்காமல் விடுங்கள்; கவுதாரிக்கு இருபது அடி இருந்தால் நல்லது. அந்தத் திட்டு வரப்போடு ஒட்டியிருந்தால் குஞ்சு மறைவாக வெளியேற வழி கிடைக்கும். மொட்டை நிலத்தின் நடுவில் ஒரே ஒரு திட்டு நின்றால் கண்ணை உறுத்தும் என்பதால், கூடு இல்லாத ஓரிரு திட்டுகளையும் நான் சேர்த்தே விடுகிறேன்.

இதனால் ஏற்படும் இழப்பு எவ்வளவு? பன்னிரண்டு அடிச் சதுரம் என்பது ஒரு சென்டில் மூன்றில் ஒரு பங்கு. கோ-5 ஓர் ஆண்டில் ஏழு அறுப்பில் ஹெக்டேருக்கு 360 டன் தருவதாகக் கொண்டால், அந்த இடத்தில் ஓர் அறுப்புக்கு ஏறக்குறைய 70 கிலோ பசுந்தீவனம் வரும்; ஒரு கறவை மாட்டுக்கு மூன்று நாள் தீவனம் அது. மானாவாரிக் கொழுக்கட்டைப் புல்லாக இருந்தால் பத்துப் பன்னிரண்டு கிலோதான். காய்ந்தால் மூன்று நான்கு கிலோ தேறும். அதுவும் முழுமையாகப் போய்விடுவதில்லை, குஞ்சு வெளியேறிய பின் அறுத்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: அறுக்கும் முறை

நம்மில் பெரும்பாலோர் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி அறுக்கிறோம். இதைவிடத் தீங்கான முறை வேறில்லை. ஓரத்தில் அறுத்த வெட்டவெளியைத் தாண்ட அஞ்சும் பறவையும் குஞ்சும் ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே உள்ளே நகர்ந்து, கடைசியில் நடுவில் நிற்கும் சிறு திட்டில் மொத்தமாகச் சிக்கிக்கொள்ளும். கடைசிச் சுற்று எல்லாவற்றையும் கொன்றுவிடும். ஸ்காட்லாந்தில் கார்ன்கிரேக் என்ற கானாங்கோழி இனத்தைக் காப்பாற்ற இந்தச் சுற்றைத் தலைகீழாக மாற்றினார்கள். டிராக்டர் திரும்புவதற்கு இரு தலைமாட்டிலும் ஒரு பட்டையை மட்டும் முதலில் அறுத்துவிட்டு, பிறகு நடுவிலிருந்து வெளியே வருவது அந்த முறை. பறவை அறுக்காத புல்லுக்குள்ளேயே நகர்ந்து ஓரத்துக்குப் போய்விடும்.

நம்முடைய நிலங்கள் சிறியவை; பல இடங்களில் ஒரு பக்கம் சாலை, மறுபக்கம் வாய்க்கால். அங்கே நடுவிலிருந்து தொடங்க வேண்டிய தேவைகூட இல்லை. சாலைப் பக்கம் தொடங்கி, வாய்க்காலை நோக்கி வரி வரியாக அறுத்துக்கொண்டே போய், வாய்க்காலை ஒட்டிய இருபது அடிப் பட்டையை அப்படியே விட்டுவிடுங்கள். சதுரமான ஒரு ஏக்கரின் ஒரு பக்கத்தில் இருபது அடி அகலம் விட்டால் ஏறத்தாழ பத்து சென்ட் ஆகும். இந்த ஒதுக்குப் பட்டையை ஆவணி வரை தொடாதீர்கள். விதை தின்னும் பறவைகள் பலவும் குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் ஊட்டும்; அந்தப் பூச்சிகளும் இந்தப் பட்டையில்தான் தங்கும்.

பனி காய்ந்த பிறகு, காலை எட்டரை, ஒன்பது மணிக்கு மேல் தொடங்குங்கள். புல் சீக்கிரம் உலர்வதற்கும் அதுவே நல்லது. நனைந்த குஞ்சால் ஓட முடியாது என்பதும் ஒரு காரணம். விளக்கு வெளிச்சத்தில் இரவில் அறுப்பதை முற்றிலும் தவிருங்கள், ஏனெனில் அடைகாக்கும் பறவை இருட்டில் எழும்பாது, கூட்டிலேயே சாகும். டிராக்டரை மனிதர் நடக்கும் வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள். முன்னால் ஒருவர் கொம்பால் புல்லைத் தட்டிக்கொண்டே நடந்தால் குஞ்சுகள் விலக நேரம் கிடைக்கும். வெட்டும் உயரம் தரையிலிருந்து 15 செ.மீ. இருக்கட்டும். மறுதழைவுக்கும் அது உதவும். ஆனால் உயரமாக வெட்டினால் மட்டும் கூடு தப்பிவிடும் என்று நம்பிவிடக் கூடாது, ஏனெனில் முட்டை உடையாமல் போனாலும் மறைப்பு போய்விடுகிறது.

கருக்கரிவாளால் அறுக்கும் பெண்களின் கண்ணுக்குத் தப்பும் கூடு மிகக் குறைவு. தூரைப் பிடித்தாலே அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் கட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தால், கூட்டுக்காகப் புல்லை விட்டு நகர்வது அவர்கள் வருமானத்தில் விழும் அடி. அதனால் விட்டுவைத்த திட்டையும் அறுத்ததாகவே கணக்கில் சேர்ப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நான் அப்படிச் சொன்ன ஆண்டில்தான் எங்கள் கொல்லையில் இத்தனை கூடுகள் இருந்தன என்பதே எனக்குத் தெரிந்தது. “அண்ணே, இங்க ஒண்ணு இருக்கு, கொம்பு கொண்டாங்க” என்று அவர்களே கூப்பிட்டார்கள்.

அறுக்கும்போது கூடு எதிர்ப்பட்டால்

முட்டையைத் தூக்கி வேறிடத்தில் வைக்காதீர்கள், தாய் அதைத் தேடி வராது. வீட்டுக் கோழிக்கு அடைவைப்பதும் தவறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. கூட்டைச் சுற்றிப் புல்லை விட்டுவிட்டு, அந்தப் பக்கத்தில் வேலையை நிறுத்தி, வேறு மூலைக்குப் போங்கள். ஓடித் திரியும் கவுதாரிக் குஞ்சாக இருந்தால், பிடிக்காமல், பின்னால் நின்று மெதுவாக ஒதுக்குப் பட்டைப் பக்கம் ஒதுக்கிவிடுங்கள்.

ஏழாம் படி: உலர்த்தலும் கட்டுதலும்

அறுப்போடு ஆபத்து முடிந்துவிடுவதில்லை. பரப்பிய புல்லுக்கு அடியிலும் வரிசையாகக் கூட்டிய குவியலிலும் நிழலுக்காகக் குஞ்சுகள் புகுந்துகொள்ளும். புல்லைத் திருப்பும்போது வாருகோலைத் தரையோடு இழுக்காமல் தூக்கிப் புரட்டுங்கள். கட்டும் இயந்திரம் வருமுன் ஒருவர் குவியல் நெடுகிலும் நடந்து காலால் மெல்லத் தட்டிவிட வேண்டும். தை வெயிலில் மெல்லிய புல் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். தண்டை முறுக்கினால் சாறு கசியாமல் ஒடிய வேண்டும். ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதன் நடைமுறை அடையாளம் அதுதான். ஈரத்தோடு போர் போட்டால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும், தீப்பற்றவும் கூடும். முதல் வாரம் தினமும் போருக்குள் கையை விட்டுப் பாருங்கள்.

அறுத்த பின் நிலத்தில் நிற்கும் அடித்தாளுக்குத் தீ வைக்காதீர்கள். பங்குனியில் வைக்கும் தீ ஆள்காட்டியின் நான்கு முட்டைகளையும் வேகவைத்துவிடும். அந்தக் குட்டைத் தாள் நிலம்தான் வானம்பாடிக்கும் ஆள்காட்டிக்கும் மிகவும் பிடித்த இடம். தை அறுப்பின் பயனாக அவற்றுக்கு நீங்களே அதை உருவாக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். கூடு இருக்கும் பக்கம் ஆட்டை ஓட்டாதீர்கள், நாயைக் கட்டிவையுங்கள்.

ஆவணியில் ஒதுக்குப் பட்டையை அறுக்கும்போது, கையால் அறுப்பதே நல்லது. தூரின் அடியில் காலிக் கூடுகளும் பொரித்த ஓடுகளும் தென்படும். அவை கிடந்த இடங்களை முதலில் வரைந்த தாளில் நாளோடு குறித்துக்கொள்ளுங்கள். கவுதாரி இருந்த மூலை எது, எந்தப் பக்கம் எதுவுமே தங்கவில்லை என்பது அதில் தெரியும். வருகிற தை அறுப்பில் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பதை அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்யலாம்.